கல்லூரியில் கல்விசார் மன்றத்தில் சேரலாமா? சென்னை முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி திறந்த இரண்டாவது வாரத்துக்குள் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்கைந்து கூகுள் படிவங்கள் வந்து சேர்ந்திருக்கும். கோடிங் கிளப், கணித மன்றம், வினாடி வினா மன்றம், துறை மன்றம், ஏதேனும் ஒரு சர்வதேச அமைப்பின் மாணவர் கிளை என ஒவ்வொன்றும் 'இன்றே கடைசி நாள்' என்ற வரியோடு வரும். எதில் சேர்வது, எவ்வளவு செலவாகும், வருகைப்பதிவு என்ன ஆகும் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. சீனியர்கள் அவரவர் மன்றத்துக்கு ஆள் சேர்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள். ஆசிரியர்கள் நோட்டீஸ் போர்டைப் பார்க்கச் சொல்வார்கள். புறநகரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் படித்தபோது, இந்தக் கேள்விகளுக்கான விடைகளை அலுவலகம், துறை, சீனியர் என்று ஒவ்வோரிடத்திலும் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் சேகரிக்க வேண்டியிருந்தது. பின்னர் துறை மன்றத்தின் பொருளாளராக இருந்தபோது, அதே கேள்விகளோடு முதலாண்டு மாணவர்கள் வந்து தயங்கி நிற்பதைப் பார்த்தேன். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்களுக்கு அந்தத் தயக்கம் இன்னும் அதிகம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மன்றத்தின் பெயரையும் ஆண்டுவிழாப் படங்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் அந்த மன்றத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். கீழே வரும் படிகள் அனைத்தும் அதற்காகத்தான்.

1. எந்த வகை மன்றம் என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

எல்லாவற்றையும் 'கிளப்' என்றே அழைப்பதால் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கல்விசார் மன்றங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதலாவது, துறை மன்றம். இதில் நீங்கள் தனியாகச் சேர வேண்டியதில்லை. துறையில் இடம் கிடைத்த அன்றே உறுப்பினராகிவிடுகிறீர்கள். கல்லூரிக் கட்டண ரசீதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தால் 'அசோசியேஷன் கட்டணம்' என்ற பெயரில் ஒரு தொகை இருக்கக்கூடும். ஏற்கெனவே அதைக் கட்டியிருந்தால், அதே மன்றத்துக்கு யாரேனும் மீண்டும் பணம் கேட்கும்போது ரசீதைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, மாணவர்களே நடத்தும் தனி மன்றங்கள். கோடிங், கணிதம், பொருளாதாரம், விவாதம், வினாடி வினா, தமிழ் மன்றம், வானியல் என்று கல்லூரிக்குக் கல்லூரி இவை மாறும். இவற்றின் தரம் முழுக்க முழுக்க அந்த ஆண்டு நடத்துபவர்களைப் பொறுத்தது. போன ஆண்டு மிகச் சிறப்பாக இயங்கிய ஒரு மன்றம், அதன் செயலாளர் தேர்ச்சி பெற்று வெளியேறியதும் பெயரளவுக்கு மட்டுமே இருப்பதும் உண்டு.

மூன்றாவது, தொழில்சார் அமைப்புகளின் மாணவர் கிளைகள். ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்), ஏ.சி.எம். (கணினி), கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா, ஐ.எஸ்.டி.இ. (தொழில்நுட்பக் கல்வி), எஸ்.ஏ.இ. இந்தியா (வாகனப் பொறியியல்) போன்றவற்றின் கிளைகள் சென்னையின் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இருக்கின்றன. கல்லூரிக் கிளையில் பெயர் கொடுப்பதும் தாய் அமைப்பில் உறுப்பினராவதும் வேறு வேறு. தாய் அமைப்பின் உறுப்பினர் எண் உங்கள் பெயரில் வந்தால்தான் அதன் இதழ்களும் சலுகைகளும் உங்களுக்குக் கிடைக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை இந்தப் பட்டியலில் வராதவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்ப் படிப்பவர்கள் முதலாண்டில் இப்படிப்பட்ட ஒரு திட்டத்தில் கட்டாயம் சேர வேண்டும். கல்விசார் மன்றத்தில் சேர்ந்துவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

2. எதற்காகச் சேர்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

இதை மனத்துக்குள் நினைத்தால் போதாது, தாளில் எழுத வேண்டும். 'பாடத்தில் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொள்ள', 'மேடையில் பேசும் பயம் போக', 'துறையில் நான்கு சீனியர்களைத் தெரிந்துகொள்ள', 'வளாக வேலைவாய்ப்பின்போது விண்ணப்பத்தில் எழுத' ஆகிய நான்குமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு மன்றத்துக்கு இட்டுச் செல்லும். பேச்சுப் பயம் போக வேண்டியவருக்கு ஐந்நூறு உறுப்பினர் கொண்ட கோடிங் கிளப்பில் வாய் திறக்க வாய்ப்பே வராது. பன்னிரண்டு பேர் கூடும் விவாத மன்றம் அவருக்கு உடனே பயன் தரும்.

வேலைவாய்ப்புக்காகச் சேர்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நேர்முகத் தேர்வில் 'அந்த மன்றத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். உறுப்பினர் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரிடம் அதற்கு விடை இருக்காது. ஒரு சிறிய செயலி, ஒரு கட்டுரை, ஜூனியர்களுக்கு எடுத்த ஒரு வகுப்பு என்று காட்டக்கூடிய ஒரு வேலையாவது அந்த மன்றத்தில் செய்ய வழி உண்டா என்று பாருங்கள்.

'நண்பர்கள் எல்லோரும் சேர்கிறார்கள்' என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லையென்றால், இந்தப் பருவத்தில் சேராமல் அடுத்த பருவத்தில் யோசிக்கலாம். நல்ல மன்றம் அடுத்த பருவத்திலும் உங்களை ஏற்றுக்கொள்ளும்.

3. படிவத்தை நிரப்பும் முன் ஒரு சாதாரணக் கூட்டத்தில் உட்காருங்கள்

இந்த ஒரு படியைத் தவிர்க்காமல் செய்தால் மற்ற பாதிக் கேள்விகளுக்குத் தாமாகவே விடை கிடைத்துவிடும். தொடக்க விழாவையும் 'ஓரியன்டேஷன்' கூட்டத்தையும் வைத்து எதையும் கணிக்க முடியாது. அவை எல்லா மன்றங்களிலும் நன்றாகவே இருக்கும். அவை முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, செயலாளரிடம் 'அடுத்த கூட்டத்துக்குப் பார்வையாளராக வரலாமா?' என்று கேளுங்கள்.

வேறொரு கல்லூரியில் நான் பார்த்த கணித மன்றக் கூட்டத்தைச் சொல்கிறேன். வந்திருந்தவர்கள் பத்துப் பேர் கூட இல்லை. எந்த ஆறு பேரை ஓர் அறையில் சேர்த்தாலும், ஒருவருக்கொருவர் அறிமுகமான மூவரோ, ஒருவருக்கொருவர் அறிமுகமற்ற மூவரோ அவர்களுக்குள் கட்டாயம் இருப்பார்கள் என்பதை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் கரும்பலகையில் நிறுவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முதலாண்டு மாணவர் எழுந்து, ஐந்து பேர் இருந்தால் போதாதா என்று கேட்டார். அந்த மாணவி பதில் சொல்லாமல் சாக்பீஸை அந்த மாணவரிடமே நீட்டினார். மாணவர் ஓர் ஐங்கோணம் வரைந்து, பக்கங்கள் அறிமுகம், மூலைவிட்டங்கள் அறிமுகமின்மை என்று வைத்துக்கொண்டு, அதில் அப்படிப்பட்ட மூவர் கிடைக்கவே மாட்டார்கள் என்பதைத் தாமே கண்டுபிடித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. விளம்பரப் பதாகையோ டி-ஷர்ட்டோ இல்லாத அந்த மன்றத்தில், முதலாண்டு மாணவரின் கைக்குச் சாக்பீஸ் வந்தது. நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்.

இதற்கு நேர்மாறான கூட்டங்களும் உண்டு. முழு ஒரு மணி நேரமும் டி-ஷர்ட்டின் நிறம், சிறப்பு விருந்தினருக்கான நினைவுப் பரிசு, யார் எத்தனை ஸ்பான்சர் பிடிப்பது என்பதிலேயே போகும். பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது. நிகழ்ச்சி மேலாண்மை கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அதில் பயனுண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாடம் கற்க வந்தவர் அங்கே ஆண்டு முழுவதும் நாற்காலி தூக்கிக்கொண்டுதான் இருப்பார்.

கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் மூன்று செய்திகளைக் கேட்டு அறியுங்கள்: போன பருவத்தில் விழாவைத் தவிர்த்து எத்தனை முறை கூடினார்கள், அப்போது முதலாண்டு மாணவர்கள் செய்த வேலை என்ன, பொறுப்பாசிரியர் யார், அவர் கூட்டங்களுக்கு வருவதுண்டா. முறையாக நடக்கும் மன்றத்தில் கூட்டக் குறிப்பேடு ஒன்று இருக்கும், தேதியும் வந்தவர்களின் கையெழுத்தும் அதில் இருக்கும். அதைப் பார்க்கக் கேட்பதில் தவறே இல்லை. பொறுப்பாசிரியர் என்று எவருமே இல்லாத மன்றத்தில் பணம் கட்டாதீர்கள். பின்னால் வருகைப்பதிவுச் சலுகைக்குக் கையெழுத்துப் போடவும் அங்கே ஆள் இருக்காது.

4. நேரத்தைக் கல்லூரிப் பேருந்திலிருந்து கணக்குப் போடுங்கள்

சென்னையில் மன்றத்தில் நீடிப்பதா விலகுவதா என்பதைப் பெரும்பாலும் ஆர்வம் தீர்மானிப்பதில்லை, வீடு திரும்பும் வழிதான் தீர்மானிக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.), ஸ்ரீபெரும்புதூர், ஆவடி, பூந்தமல்லி, ஜி.எஸ்.டி. சாலை ஆகிய பக்கங்களில் உள்ள கல்லூரிகளில் வகுப்பு முடிந்த பத்துப் பதினைந்து நிமிடங்களில் கல்லூரிப் பேருந்துகள் கிளம்பிவிடும். மன்றக் கூட்டமோ வகுப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். எனவே கூட்டத்துக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் வேறு வழியில் வீடு சேர வேண்டும்.

பெரம்பூரில் வீடு, சிறுசேரிக்கு அப்பால் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் ஒன்றரை மணி நேரம். அதன்பிறகு மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்து, மாலை நெரிசலில் ஓ.எம்.ஆர். வழியாக வந்து, நடுவில் வண்டி மாறி வீடு சேரும்போது இரவாகிவிடும். ஆக வாரம் ஒரு கூட்டம் என்பது உண்மையில் வாரத்தில் ஒரு முழு மாலைப்பொழுது. மறுநாள் காலையில் ஆறு மணிக்கெல்லாம் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கு ரெக்கார்டு நோட்டு எழுதும் நேரமும் அதோடு போய்விடும். தாம்பரம், குரோம்பேட்டை, பொத்தேரி போன்று புறநகர் ரயில் நிலையத்துக்கு அருகில் கல்லூரி இருப்பவர்களுக்கு இந்தச் சுமை குறைவு. விடுதியில் இருப்பவர்களுக்கு மிகக் குறைவு. ஆனால் விடுதி மாணவிகள் உள்ளே திரும்ப வேண்டிய நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் அதைத் தாண்டினால் பொறுப்பாசிரியரின் கடிதம் வேண்டியிருக்கும், அந்தக் கடிதம் ஒவ்வொரு முறையும் தனியாக வாங்க வேண்டியதாகவும் இருக்கலாம்.

நகருக்குள் இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளில் பிரச்சினை வேறு. காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்று இரண்டு வேளைகளாக நடக்கும் கல்லூரிகளில் மன்றக் கூட்டம் எந்த ஷிஃப்ட் மாணவர்களுக்கு வசதியாக வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். மதிய ஷிஃப்டில் படிப்பவர் காலையிலேயே வந்து காத்திருக்க வேண்டிய மன்றங்களும் உண்டு. பகுதி நேர வேலைக்குப் போகிறவர்களுக்கு இது முடியவே முடியாது.

வருகைப்பதிவைப் பற்றி: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும்; 65-க்கும் 75-க்கும் இடையே இருப்பவர்களுக்கு மருத்துவக் காரணம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே, சான்றிதழோடு, தளர்வு கிடைக்கும். ஒரு பருவத்தில் 90 வேலை நாள்கள் என்று கொண்டால் நீங்கள் விடக்கூடியது 22 நாள்கள். காய்ச்சல், ஊர்த் திருவிழா, வீட்டுக் கல்யாணம் ஆகியவற்றுக்குப் போக மன்றத்துக்கு மிஞ்சுவது மிகச் சில நாள்கள்தாம். 'ஓ.டி. போட்டுக்கொள்ளலாம்' என்று, அதாவது கல்லூரி வேலையாக வெளியே போனதாக (ஆன் டியூட்டி) எழுதிக்கொள்ளலாம் என்று, சீனியர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஓ.டி. நாளை வருகையாகவே கணக்கிடும் கல்லூரிகளும் உண்டு. பருவ இறுதியில் குறைந்தவர்களுக்கு மட்டும் அதைப் பரிசீலிக்கும் கல்லூரிகளும் உண்டு. உங்கள் கல்லூரி இதில் எது என்பதை வகுப்பு ஆலோசகரிடம் நேரில் கேளுங்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது உள்மதிப்பீடு, அதாவது பருவத்தின் நடுவே கல்லூரியே போடும் மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60. சென்னைப் பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் இளநிலைப் பாடங்களுக்கு உள்மதிப்பீடு 25, இறுதித் தேர்வு 75 என்பது வழக்கம். தன்னாட்சிக் கல்லூரிகள் தனிக் கணக்கு வைத்திருக்கும். சிம்போசியத்துக்காக (கல்லூரிகள் நடத்தும் துறைசார் போட்டி விழாவுக்காக) ஒரு உள்மதிப்பீட்டுத் தேர்வை விட்டால், ஓ.டி. உங்கள் வருகையைக் காப்பாற்றினாலும் மதிப்பெண்ணைக் காப்பாற்றாது. மறுதேர்வு வைப்பார்களா என்பதை எழுத்தில் உறுதி செய்த பிறகே அந்த நாளில் வெளியே போங்கள்.

5. பணம்: எதற்கு, யாருக்கு, எந்த ரசீதில்

தனி மன்றங்களுக்கு உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 100 முதல் 500 ரூபாய் வரை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். செலவு அதோடு நிற்பதில்லை. டி-ஷர்ட், வேறு கல்லூரிச் சிம்போசியத்துக்கான பதிவுக் கட்டணம், போகவர பஸ் செலவு, வெளியே சாப்பாடு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். சேரும் முன் போன ஆண்டு உறுப்பினர் ஒருவரிடம் 'மொத்தமாக எவ்வளவு ஆனது?' என்று கேட்டால் உண்மையான தொகை தெரிந்துவிடும். மாணவிகளுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும். ரயிலில் வருபவர்கள் மாணவர் சலுகை சீசன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தால் கூட்ட நாளுக்கென்று தனியாகச் செலவு வராது.

மாணவர் கிளைகளில் சேர்பவர்கள் சந்தாக் காலத்தைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஐ.இ.இ.இ. உறுப்பினர் ஆண்டு டிசம்பரோடு முடிகிறது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் சேர்ந்தால் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை சந்தா செல்லும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை சேர்ந்தால் அந்த ஆண்டின் டிசம்பர் வரைக்கான அரையாண்டுச் சந்தா. எனவே ஜூலையில் யாரேனும் அவசரப்படுத்தினால் சில வாரங்கள் பொறுப்பது நல்லது. சந்தாவை அமைப்பின் இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி நீங்களே நேரடியாகக் கட்டுங்கள்.

பொருளாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தனிப்பட்ட ஜி-பே எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், ரசீது எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டே அனுப்புங்கள். எண்ணிட்ட ரசீதுப் புத்தகமும் பொறுப்பாசிரியர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கும் வைத்திருக்கும் மன்றத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெரும்பாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது. நிகழ்ச்சி ரத்தானால் பணம் என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கட்டணம் கட்ட முடியாத நிலை இருந்தால் அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். பொறுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் விலக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மன்றத்தில் கொடுத்திருக்கிறோம், அது வேறு எவருக்கும் தெரியவும் தெரியாது.

6. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

சேர்வதற்கு அதிகம் தேவைப்படாது: கல்லூரி அடையாள அட்டை நகல், பதிவு எண், ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கல்லூரி மின்னஞ்சல் முகவரி. ஆதார் நகல், பெற்றோரின் வருமான விவரம், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றைக் கூகுள் படிவத்தில் கேட்டால் நிரப்பாதீர்கள். ஒரு மாணவர் மன்றத்துக்கு அவை தேவையே இல்லை. வேறு கல்லூரிப் போட்டிகளுக்குப் போகும்போது, இந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று உறுதி செய்யும் போனஃபைடு சான்றிதழ் கேட்பார்கள். அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்பதால், பருவத் தொடக்கத்திலேயே ஒன்று வாங்கி நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்கும் பயணம் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

ஓ.டி. படிவம்தான் அதிகப் பேரை அலையவிடும் தாள். எங்கள் கல்லூரியில் மன்றப் பொறுப்பாசிரியர், வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர் என்று மூவரும் அந்த வரிசையிலேயே கையெழுத்திட வேண்டும். பொறுப்பாசிரியர் கையெழுத்து இல்லாமல் போனால் வகுப்பு ஆலோசகர் திருப்பி அனுப்புவார். துறைத் தலைவர் கூட்டத்தில் இருந்தால் அவரது அறை வாசலில் இருக்கும் அட்டெண்டரிடம் தாளைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து பார்க்க வேண்டும். ஆகவே நிகழ்ச்சிக்கு மூன்று வேலை நாள் முன்பே தொடங்குங்கள். நிகழ்ச்சிச் சுற்றறிக்கையின் நகலைப் படிவத்தோடு இணையுங்கள். கையெழுத்தான படிவத்தைக் கொடுக்கும் முன் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். போய்வந்த பிறகு பங்கேற்புச் சான்றிதழின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பல துறைகளில் ஓ.டி. பதிவேட்டில் ஏறும். நிகழ்ச்சி முடிந்த பின் ஓ.டி. கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

7. எந்த மாதத்தில் முடிவெடுப்பது

முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிவு வந்த பிறகு. அதற்கு முன் உங்கள் படிப்புச் சுமை உங்களுக்கே தெரியாது. படிவத்தில் 'கடைசி நாள்' என்று இருந்தாலும், செயலாளரிடம் நேரில் சொன்னால் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளும் மன்றங்களே அதிகம். பொறியியல் கலந்தாய்வு வழியாகத் தாமதமாகக் கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர்கள் இந்தக் கடைசி நாளைக் கண்டு பதற வேண்டியதில்லை.

முதல் பருவத்தின் பின்பாதி வடகிழக்குப் பருவமழையோடு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறை விட்டால், ஈடுகட்ட சனிக்கிழமைகளில் வகுப்பு வைப்பார்கள். மன்றக் கூட்டங்கள் தள்ளிப்போகும். பாடங்களும் மாடல் தேர்வும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் புதிய பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை சிம்போசியக் காலம். சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப விழாவான சாஸ்த்ரா ஜனவரியில் நடக்கும். மற்றக் கல்லூரிகளின் விழாக்களும் அடுத்தடுத்து வரும். ஒரு மன்றத்தின் வேலையை முழுவதும் பார்க்க விரும்புபவர் இரண்டாவது பருவத்தின் தொடக்கத்தில் சேர்வது மிகவும் பொருத்தம்.

முதலாண்டில் ஒரே ஒரு மன்றம் போதும். அரியர் (தேறாத பாடம்) ஏதேனும் வந்துவிட்டால் அதை முடிக்கும் வரை உறுப்பினராக மட்டும் இருங்கள், நிர்வாகப் பொறுப்பு வேண்டாம். தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' படிப்புகளும் பருவத்துக்குள் நேரம் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

8. கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

ஸ்பான்சர் தேடும் வேலையை முதலாண்டு மாணவர்கள்மேல் சுமத்தும் வழக்கம் சில மன்றங்களில் இருக்கிறது. 'ஆளுக்கு இவ்வளவு ரூபாய் கொண்டுவர வேண்டும்' என்றோ, நுழைவுச் சீட்டு விற்றுத் தர வேண்டும் என்றோ சொன்னால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விற்காத சீட்டுக்கு உங்கள் கையிலிருந்து பணம் கட்டாதீர்கள்.

சான்றிதழுக்காகவே நடத்தப்படும் ஒருநாள் 'வொர்க்ஷாப்'களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்தப் பணத்தில் பெரும்பாலும் உருப்படியான வேறொன்றைச் செய்ய முடியும்: ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வு எழுத விரும்பினால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டலாம். அந்தச் சான்றிதழுக்கு உள்ள மதிப்பு அரைநாள் வொர்க்ஷாப் சான்றிதழுக்கு வராது.

'எங்கள் மன்றத்தில் இருந்தால்தான் ஹாக்கத்தானுக்குப் (குறுகிய நேரத்தில் குழுவாக ஒரு சிக்கலுக்குத் தீர்வு உருவாக்கும் போட்டிக்குப்) போகலாம்' என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தானுக்குக் கல்லூரி அளவில் தேர்வு நடக்கும். அணிக்கு ஆறு பேர், அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எந்த மன்றத்திலும் இல்லாத ஆறு பேரும் சேர்ந்து பெயர் கொடுக்கலாம். கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

மூன்றாமாண்டில் பதவி வேண்டும் என்பதற்காக விருப்பமில்லாத மன்றத்தில் இரண்டு ஆண்டுகள் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பதவி ஈடாகாது.

9. சேரவில்லை என்றால்

சேராமல் இருப்பதும் முறையான முடிவுதான். அப்படி முடிவெடுப்பவர்களுக்குச் சென்னையில் வழிகள் நிறையவே இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது; பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனிப் பிரிவு உண்டு. எழும்பூரின் கன்னிமாரா நூலகம், கலை, வரலாறு, பொருளாதாரம் படிப்பவர்களுக்கு மிகவும் உதவும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அவ்வப்போது பொதுச் சொற்பொழிவுகள் நடத்துகிறது. தமிழ், சமூக வரலாறு படிப்பவர்கள் அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்வரலாம். இறுதியாண்டில் ஆய்வுத் திட்டம் செய்ய விரும்புபவர்கள், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவிக்குத் தங்கள் வழிகாட்டி ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம். இதற்கு எந்த மன்றத்திலும் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை.

வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை மதிய உணவு இடைவேளையில் ஒரு பாடத்தை மாற்றி மாற்றி எடுத்துச் சொல்வதும் நடக்கக்கூடியதே. கல்லூரிப் பேருந்தைத் தவறவிடாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்பதால், தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன்.

10. சேர்ந்த பிறகு விலக நேர்ந்தால்

ஒரு பருவம் இருந்து பார்த்த பிறகும் மன்றம் உங்களுக்குப் பொருந்தவில்லையென்றால், கூட்டங்களுக்குப் போகாமல் சும்மா மறைந்துவிடாதீர்கள். செயலாளருக்கும் பொறுப்பாசிரியருக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். 'படிப்புச் சுமை காரணமாக இந்தப் பருவத்தோடு விலகுகிறேன்' என்று எழுதினால் போதும். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விலகினால் உங்கள் வேலை இன்னொருவர் தலையில் விழும் என்பதால், பருவத் தொடக்கத்திலோ விழா முடிந்த உடனோ அதைச் செய்வது முறை.

விலகும் முன் கையில் இருப்பதையெல்லாம் ஒப்படையுங்கள்: மன்ற நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம், ஆய்வகச் சாவி, ஆர்டுயினோ என்னும் மின்னணுப் பலகை, வசூல் பணம், மன்றக் கணக்குகளின் கடவுச்சொல். ஒப்படைத்ததற்கு ஒரு தாளில் தேதியோடு பொறுப்பாசிரியரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ-டியூஸ் படிவத்தில் துறையும் நூலகமும் கையெழுத்திட வேண்டும். முதலாண்டில் எடுத்த ஒரு பலகை அந்தப் பட்டியலில் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், அன்றைக்கு அந்தத் தாள் மட்டும்தான் உங்களுக்கு உதவும்.